மருந்து தடவிய புறா

புறாக்காரர்களுக்கு இழப்பு புதிது இல்லை. பனியில் வழி தவறிப் போகும். மின்கம்பியில் அடிபட்டு விழும். உயரக் கட்டடத்துக் கண்ணாடியை வானம் என்று நினைத்து முட்டிக்கொண்டு சாகும். கூடையில் எடுத்துப்போய் வெகுதூரத்தில் பறக்கவிட்டு, மாடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் அப்படித் திரும்பி வராமல் போனவை இருக்கும். நர்ஸம்மாவும் சிலவற்றைத் தலைமுழுகியிருந்தாள். ஆனால் அதெல்லாம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்தவை. மைக்கண்ணிக்கு நடந்தது கண்ணெதிரே நடந்தது.

நர்ஸம்மா பெரிய ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தாள். கணவர் பஸ் டிரைவர். அவருடைய தம்பி கண்ணாடிக் கடையில் ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவன். கல்யாணம் ஆகாதவன், இவர்களோடுதான் இருந்தான். மொட்டை மாடியில் புறாக்கூண்டை ஆரம்பித்தது அவன். போகப் போக அண்ணியும் சேர்ந்துகொண்டாள். இப்போது அது யாருடைய கூண்டு என்று கேட்டால் இரண்டு பேருமே "எங்களோடது" என்பார்கள். டிரைவர் மட்டும் "என் தலையில கட்டினது" என்பார்.

அன்று சாயங்காலம் பயிற்சிக்கு விட்ட புறாக்களை எதிர்பார்த்து அண்ணியும் கொழுந்தனும் மாடியில் நின்றார்கள். தெருக்கோடியில் பாதியிலேயே வேலை நின்றுபோன கட்டடம் ஒன்று இருந்தது. அதற்கு மேலாக மூன்று புள்ளிகள் தெரிந்தன. முன்னால் வந்தது மைக்கண்ணி. கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கருப்பு வளையம் இருந்ததால் அந்தப் பெயர். இந்தப் பக்கத்தில் அதை முந்தின புறா கிடையாது.

"வந்துட்டா பாருங்க அண்ணி, மகாராணி," என்றான் கொழுந்தன்.

அவன் சொல்லி முடிக்கவில்லை. உயரத்திலிருந்து ஏதோ ஒன்று கல் மாதிரி விழுந்தது. துணியை ஒரே இழுப்பில் கிழித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். அதன்பின் 'டப்' என்று ஒரு அடி. மைக்கண்ணி இருந்த இடத்தில் கொஞ்சம் இறகு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. விழுந்த அந்த உருவம் வளைந்து மேலேறி, கனத்தைத் தூக்கிக்கொண்டு போகிறமாதிரி மெதுவாகப் பறந்து, பாதிக் கட்டடத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது. பறித்துப் போட்ட இறகுகள் அங்கிருந்து காற்றில் வந்தன. ஒன்று நர்ஸம்மாவின் தோளில் விழுந்தது.

"பைரி," என்றான் கொழுந்தன். வல்லூறுக்குப் புறாக்காரர்கள் வைத்திருக்கிற பெயர். வாய்விட்டுச் சொல்லவே தயங்குவார்கள்.

அன்றிலிருந்து அது அங்கேயே தங்கிவிட்டது. காலையில் கூண்டைத் திறந்தால் போதும், கட்டட விளிம்பில் ஒரு நிழல் அசையும். அடுத்த வாரத்தில் இளம்புறாக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்று மட்டும் மார்பு கிழிந்து திரும்பி வந்தது. தின்ற தானியம் அந்தக் கிழிசல் வழியே சிந்திக்கொண்டிருந்தது. நர்ஸம்மா அதை மடியில் வைத்துத் தையல் போட்டாள். அது விடிவதற்குள் செத்துப்போனது.

மிச்சமிருந்தவை வெளியே வர மறுத்தன. கதவைத் திறந்து வைத்தாலும் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வழக்கமான குனுகல் இல்லை, சண்டை இல்லை. ஒரு காகம் நிழலிட்டுப் போனால்கூட எல்லாம் ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தன. அந்த அமைதிதான் நர்ஸம்மாவை அதிகம் பயமுறுத்தியது. கொஞ்ச நாளில் அவளுக்கும் அது தொற்றிக்கொண்டது. துணி காயப்போடும்போது வானத்தில் ஏதாவது கடந்தால் கழுத்து தானாகக் குனிந்தது.

டிரைவர் அதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, உன்னையா தூக்கிட்டுப் போகப்போகுது? அதுக்கு கிரேன்ல வரணும்."

அவள் சிரிக்கவில்லை. கொழுந்தனும் சிரிக்கவில்லை. அவன் சாப்பிடுவதே குறைந்திருந்தது. மைக்கண்ணியை முட்டையிலிருந்து வளர்த்தவன் அவன்.

ஒருநாள் சாப்பிடும்போது தலை நிமிராமல் சொன்னான். "வேற ஏரியா புறாக்காரங்க இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க அண்ணி. ஒரு கழிசல் புறாமேல பூச்சிமருந்தைத் தடவிப் பறக்கவிடுவாங்க. பைரி அதை அடிச்சுத் தின்னும். அதோட கதை முடிஞ்சுது."

நர்ஸம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த மருந்து குடிச்சவங்களை வாராவாரம் பார்க்கிறவ நான். குடிக்கக்கூட வேணாம் தம்பி, தோல்ல பட்டாலே உள்ள இறங்கும். வாயில நுரை தள்ளும். மூச்சுக்குழாய் முழுக்கத் தண்ணி கட்டிக்கும். கரையில இருந்துக்கிட்டே மூழ்கிச் சாகிறமாதிரி. இந்தப் பேச்சு இந்த வீட்டுல வேணாம்."

"சும்மா சொன்னேன் அண்ணி," என்றான். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

ராத்திரி வேலை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை வந்தவள், உடுப்பைக்கூட மாற்றாமல் தீனி போட மாடிக்கு ஏறினாள். கூண்டுக்கதவருகே போனதும் கால் நின்றுவிட்டது. பூண்டு அழுகினமாதிரி ஒரு நாற்றம். வீட்டில் வேறு யாராக இருந்தாலும் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கு அது வார்டு நாற்றம். ஸ்ட்ரெச்சர் உள்ளே வருவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிற நாற்றம்.

கூண்டுக்குள் பார்த்தாள். மாப்பிள்ளையைக் காணோம்.

மாப்பிள்ளை வயசான ஆண்புறா. பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டு நடப்பான், எந்த வீட்டுக்குப் போனாலும் உபசாரத்தை எதிர்பார்ப்பான். அதனால்தான் அந்தப் பெயர். மனுஷர் என்றால் அவனுக்குப் பயமே கிடையாது. கையில் தின்பதற்கு ஏதாவது இருந்தால் தெரியாதவர் தோளில்கூடப் போய் உட்கார்ந்துகொள்வான்.

கொழுந்தன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான். அவள் பார்த்த பார்வையிலேயே அவனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"எங்க அவன்?"

"அண்ணி..."

"மாப்பிள்ளை எங்க?"

"விட்டேன். பைரி வந்துச்சு, அடிச்சுது. ஆனா பிடி நழுவிடுச்சு. மாப்பிள்ளை கடைத்தெருப் பக்கமா இறங்கிட்டான். இந்தா வந்துடுவான், இந்தா வந்துடுவான்னு உக்காந்திருக்கேன்."

"எவ்வளவு நேரமாச்சு?"

அவள் அவன் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். நாற்றம் லேசாக இருந்தது. கண்ணாடி வெட்டும்போது போடுகிற தடித்த கையுறையைப் போட்டிருந்தானாம். குழாயடிக்கு இழுத்துப்போய் முழங்கைவரை சோப்பு போட்டுத் தேய்க்கவைத்தாள். அவன் தேய்த்துக்கொண்டே அழுதான்.

"பைரி தின்னும்னுதான் நினைச்சேன். மனுஷங்களை நினைக்கவே இல்ல அண்ணி."

"அழறதுக்கு நேரமில்ல. நீ பார்க் பக்கம் போ. பார்த்தா தொடாதே. யாரையும் தொடவிடாதே. போனைக் கையிலயே வச்சுக்க."

சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் பைகளை அள்ளிக்கொண்டு அவள் கடைத்தெருவுக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் எல்லார் கையிலும் ஏதோ ஒரு தீனி. ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி போகிற சிறுமி. தள்ளுவண்டியில் கை நீட்டிக்கொண்டிருக்கிற குழந்தை. பொரித்த கிழங்கைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு நடக்கிற கிழவர். நேற்றுவரை இதெல்லாம் வெறும் தெரு. இன்றைக்கு அவள் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனாள். மாப்பிள்ளை யாரிடம் வேண்டுமானாலும் போவான். யாரும் அவனைத் தடவிக்கொடுப்பார்கள். தடவின கையாலேயே வாயைத் துடைப்பார்கள்.

கடைத்தெருவை ஒட்டிய மைதானத்து ஓரத்தில் பிள்ளைகள் வட்டமாகக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் எதையோ ஒருத்தி குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினாள்.

"தொடாதீங்க. கையை எடுங்க, எல்லாரும் கையை எடுங்க."

பிள்ளைகள் மிரண்டு விலகினார்கள். நடுவில் கிடந்தது காற்றுப்போன ஒரு பந்து. ஒரு சிறுமி அவள் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பிஞ்சுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவள் செருப்பை வாங்கினாள்.

பேக்கரியில் கல்லாவில் இருந்த பெண் நினைவு வைத்திருந்தாள். "கழுத்துல பச்சையா மினுங்குற புறாவா? வந்துச்சே. மேஜைமேல ஏறி, நம்ம வீட்டு ஆள் மாதிரி உக்காந்துக்கிச்சு. ஒரு வாண்டு பிஸ்கட்டை நீட்டினா."

"தொட்டாளா?"

"அவ அம்மா விடல. கிருமி இருக்கும்னு கையைத் தட்டிவிட்டுட்டா."

முகம் தெரியாத அந்தத் தாய்க்கு நர்ஸம்மா மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். "மேஜையைத் துடைச்சீங்களா?"

"ஈரத்துணியால துடைச்சேன்."

"சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்க. அந்தத் துணியைக் கையுறை போட்டு எடுத்து, ஒரு பையில கட்டி வைங்க. எதுக்குன்னு அப்புறம் வந்து சொல்றேன். புறா எந்தப் பக்கம் போச்சு?"

"முதுகுல ரத்தம். பறக்க முடியாம நடந்தே போச்சு பாவம். சலூன் பக்கமா."

சலூன்காரர் கைராசிக்காரர் என்று அந்தத் தெருவில் பெயர். கை அவ்வளவு லேசு, சவரம் செய்கிறபோதே ஆள் தூங்கிவிடுவார் என்பார்கள். நர்ஸம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோதும் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை முழுக்க நீட்டி, நுரையோடு கண்மூடிக் கிடந்தார். சலூன்காரர் கையில் சவரக்கத்தி. அது நாற்காலிக்காரரின் தொண்டையில் இருந்தது.

"அண்ணே, இங்க ஒரு புறா வந்துச்சா?"

"வந்துச்சும்மா. உங்களோடதா? பைரி அடிச்சிருக்கும்போல. துண்டால துடைச்சு, அட்டைப்பெட்டில வச்சிருக்கேன். ஒரு நிமிஷம்." அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார். "என்ன புழுக்கம் இன்னிக்கு."

வாசலில் காற்று குளிர்ந்து வீசிக்கொண்டிருந்தது. தலைக்குமேல் மின்விசிறி சுற்றியது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியை, கண்ணை, வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டில் இரண்டு சிறு இறகுகள் ஒட்டியிருந்தன.

அவள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணின் கருமணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கீழிமையில் புழு நெளிகிறமாதிரி ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு இப்போது கன்னத்தில். அடுத்தது தோள். அதற்கடுத்தது கை.

சத்தம் போட்டால் அவர் கை உதறும். அது அவளுக்குத் தெரிந்தது. வார்டில் குழந்தைக்கு ஊசி போடும்போது பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"அண்ணே, கத்தியைக் கீழ வச்சிட்டு என்னைக் கொஞ்சம் பாருங்களேன்."

"ரெண்டு இழுப்புதாம்மா பாக்கி."

"அது அப்புறம். இப்ப கத்தியை மெதுவா மேல எடுங்க. எடுத்துட்டீங்களா? அப்படியே எனக்குக் குடுங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் கத்தியை எடுத்தார். எடுத்த அதே நொடி தோளிலிருந்து கை வெட்டி இழுத்தது. கத்தி தரையில் விழுந்து சறுக்கியது. நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். தாடையோரம் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அவருக்கு அது தெரியவில்லை. சலூன்காரர் தன் கையையே அந்நியன் கையைப் பார்க்கிறமாதிரி பார்த்தார்.

"என்னம்மா இது? வாயெல்லாம் தண்ணியா ஊறுது."

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக்கொண்டு துண்டை உருவி எறிந்தாள். அவர் சட்டையைக் கழற்றினாள். தொட்டியில் குனியவைத்து, ஷாம்பு பாட்டிலையே கவிழ்த்து முகத்தையும் கையையும் கழுத்தையும் தேய்த்துக் கழுவினாள். கழுவும்போதே அவர் வாந்தியெடுத்தார். நாற்காலிக்காரர் பாதி முகம் நுரையோடு எழுந்து நின்றார். வாசலில் நின்ற வேன் அவருடையது. எதுவும் கேட்காமல் சாவியை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நுரை காய்ந்து அவர் முகத்திலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

வேனில் சலூன்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு வரமாட்டேங்குதும்மா." அவர் நெஞ்சுக்குள் கொதிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் எத்தனையோ முறை கேட்ட சத்தம். ஆனால் அந்த முறைகளில் எல்லாம் அதற்குக் காரணம் வேறு யாரோ.

ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட்டாள். எந்த மருந்து, எப்படிப் பட்டது, யார் தடவியது. ஒன்றையும் மறைக்கவில்லை. "எங்க வீட்டுப் புறா. என் கொழுந்தன்தான் தடவினான்." டாக்டர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ஊசியைக் கேட்டார்.

அவள் போனில் சொன்னதும் கொழுந்தன் பூச்சிமருந்து பாட்டிலோடு ஓடி வந்தான். வராந்தாவில் ஒரு ஓரமாக நின்றான். சலூன்காரரின் மனைவி வந்து, யாரும் சொல்லாமலேயே அவன்தான் என்று எப்படியோ கண்டுபிடித்து, அவன் எதிரே போய் நின்றாள். திட்டவில்லை. "அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயும் இருக்கமாட்டே," என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவன் தலையசைத்தான். அவள் சொல்வது நியாயம் என்கிறமாதிரி.

அன்று முழுக்க நர்ஸம்மா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. ஊசி போடப் போட மூச்சு தெளியும், அப்புறம் மறுபடி கொதிக்கும். வெயில் ஜன்னலைக் கடந்து எதிர்ச்சுவருக்குப் போன நேரத்தில்தான் கருமணி கொஞ்சம் விரிந்தது. டாக்டர் "பிழைச்சுக்குவார்" என்றார். அதைக் கேட்டபிறகுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சலூன்காரர் பேசுகிற நிலைமைக்கு வந்ததும் முதலில் கேட்டது, "அந்தப் புறா என்னாச்சும்மா?"

அது பெட்டியிலேயே செத்துப்போயிருந்தது. காயத்தை அலகால் கோதியதில் மருந்து அதன் வாய்க்குள்ளும் போயிருக்கும். அவள் சொன்னாள். அதன் இறகில் என்ன இருந்தது என்பதையும், அவர் ஏன் இந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்பதையும் சொன்னாள்.

அவர் தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். "தடவினவன் எங்க?"

கொழுந்தன் கதவருகே வந்து நின்றான். "நான்தான்."

"என் கத்தி அந்தாளோட தொண்டைல இருந்துச்சுடா," என்றார் சலூன்காரர். குரல் எழும்பவே இல்லை. "அது எனக்குக் கண்ணுலயே நிக்குது. போ. என் முன்னால நிக்காதே."

போலீஸ் வந்தது, விசாரித்தது, வழக்கு பதிவானது. கொழுந்தன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. புறாச் சங்கத்திலிருந்து அவனை நீக்கிவிட்டார்கள். அதில் சிலர் அதே வேலையைச் செய்தவர்கள், அவர்கள் சத்தம்தான் அதிகம். டிரைவர் தம்பியோடு பேசுவதை நிறுத்தினார். சாப்பாட்டுத் தட்டை மட்டும் அவன் பக்கம் நகர்த்தி வைப்பார். சலூன்காரர் கடை திறக்கப் பல வாரம் ஆனது. திறந்தபிறகும் சவரத்தை உதவியாளுக்கு விட்டுவிட்டு, தலைமுடி மட்டும் வெட்டினார்.

நர்ஸம்மா கூண்டை இரண்டு முறை தேய்த்துக் கழுவினாள். மிச்சமிருந்த புறாக்களைச் சங்கத்துக்காரர்களிடம் கொடுத்துவிடலாமா என்று யோசித்தாள். கேட்கவும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் வெளியே வரப் பயந்து ஒடுங்கிக் கிடப்பவற்றைப் பார்த்துவிட்டு அவர்களே வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

பைரி போகவில்லை. தினமும் அதே விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அவள் அதைக் கவனிக்க ஆரம்பித்தாள். இரை தின்ற பிறகு வெகுநேரம் அசையாமல் இருக்கும். அப்போது கீழே மைனாக்கள்கூட பயமில்லாமல் மேயும். ஒருநாள் காலை அது எதையோ பிடித்துவந்து பறித்துத் தின்று முடிப்பதுவரை பொறுத்திருந்து, கூண்டின் கதவைத் திறந்துவைத்தாள். கொழுந்தன் மாடிப்படியில் நின்றான். மேலே ஏறி வரலாமா என்று கேட்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

புறாக்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தன. முதலில் ஒரு பொட்டைப்புறா எழும்பியது. பின்னாலேயே மற்றவை. வெகுநாளைக்குப் பிறகு சிறகடிக்கிற சத்தம் மாடியை நிறைத்தது. கூட்டம் தெருவுக்குமேல் ஒரு வட்டம் போட்டது. பாதிக் கட்டடத்தை நெருங்கியது. விளிம்பில் இருந்த பைரியின் தலை திரும்பியது. கூட்டத்தோடு கூடவே மெதுவாகத் திரும்பிக்கொண்டே போனது.

அவள் விசில் அடித்துக் கூப்பிடவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, புறாக்கள் அந்தக் கட்டடத்தைக் கடப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.